ஒரு நோட்டரி முத்திரையின் விலை

இந்தியாவில் தொழில் செய்யும் ஒவ்வொரு நோட்டரியும் தான் வாங்கும் கட்டணங்களை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி எழுதி மாட்டவேண்டும். 1956ஆம் ஆண்டின் நோட்டரி விதிகளில் பத்தாவது விதி இது. வாங்கிய பணத்துக்கு ரசீது தரவேண்டும், வாங்கிய கட்டணங்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கவேண்டும் என்கிறது பதினோராவது விதி. இரண்டையும் யாரும் நீக்கிவிடவில்லை. ஆனால் நீதிமன்ற வாசலிலும், தாலுகா அலுவலகத்தைச் சுற்றியுள்ள டைப்பிங் சென்டர்களிலும் நோட்டரி கையெழுத்து வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலகையைப் பார்த்ததாகச் சொல்பவர் அரிது. ரசீது வாங்கியவர் அதைவிட அரிது.

அந்தப் பலகை இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கும்? ஒருவரிடம் பிரமாணம் வாங்கி உறுதிமொழிப் பத்திரத்தில் முத்திரை இடவும், ஓர் ஆவணம் தன் முன்னிலையில் கையெழுத்தானது என்று சான்றளிக்கவும் நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டிருந்த உச்சவரம்பு 35 ரூபாய். 2014இல் விதிகள் திருத்தப்பட்டு வீதங்கள் உயர்ந்தன. அப்போதும் இந்த இரண்டு வேலைக்குமான தொகை நூறு ரூபாயைத் தொடவில்லை. இவை உச்சவரம்புகள் என்பதையும் கவனிக்கவேண்டும். ‘இந்தத் தொகைக்கு மிகாமல்’ என்றுதான் விதி சொல்கிறது. குறைத்து வாங்கத் தடையில்லை, கூட்டி வாங்கத்தான் தடை. நடப்பில் நூறும் இருநூறும் சாதாரணம். வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம், கல்விக் கடன் என்று காரியம் பெரிதாகத் தோன்றினால் ஐநூறும் கேட்கப்படுகிறது.

இந்த இடைவெளியைக் கண்டதும் ‘நோட்டரிகள் கொள்ளையடிக்கிறார்கள்’ என்று முடித்துவிடுவது எளிது. கொடுத்த பணம் எங்கெங்கே போகிறது என்று பிரித்துப் பார்த்தால் கதை அவ்வளவு நேரானதல்ல.

ஓர் உறுதிமொழிப் பத்திரத்துக்கு நாம் கொடுக்கும் தொகையில் குறைந்தது மூன்று பங்குகள் உண்டு. முதல் பங்கு அரசுக்கு, முத்திரைத்தாள் வழியாக. தமிழ்நாட்டில் ‘இருபது ரூபாய் பத்திரம்’ என்று பழகிப்போயிருந்த தாள், முத்திரைச் சட்டத்துக்கு மாநில அரசு கொண்டுவந்த திருத்தம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்ததும் 200 ரூபாய் ஆகிவிட்டது. பத்து மடங்கு. நோட்டரியின் பையில் இதில் ஒரு காசும் சேராது. ஆனால் அந்த மே மாதத்துக்குப் பிறகு ‘நோட்டரிச் செலவு ஏறிவிட்டது’ என்று புலம்பியவர்கள் உண்மையில் இந்த வரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பங்கு வாசகத்தை எழுதித் தட்டச்சு செய்பவருக்கும் பிரதி எடுப்பவருக்கும். இதற்கு எந்தச் சட்டத்திலும் விலை இல்லை. கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. மூன்றாவது பங்குதான் நோட்டரிக்கு. அதிலும் நோட்டரியை நாம் நேரில் பார்க்காமல் டைப்பிங் சென்டரே எல்லாவற்றையும் ‘முடித்துக் கொடுக்கும்’போது, மொத்தத் தொகையில் நோட்டரிக்கு எவ்வளவு போனது என்பது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஆக, சட்டம் கட்டுப்படுத்துவது முத்திரையின் விலையை மட்டும். அதைச் சுற்றி நடக்கும் எல்லாமே சந்தை. கட்டுப்பட்ட விலை மிகக் குறைவாக இருப்பதால் சந்தை விலைக்குள் அது கரைந்துவிடுகிறது. இதுதான் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டண அட்டவணை யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். வெள்ளையர் காலத்திலும், விடுதலைக்குப் பின் சில ஆண்டுகளும்கூட, முழு அதிகாரம் கொண்ட நோட்டரியாக இந்தியாவில் செயல்பட விரும்பியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்திடமிருந்து நியமனம் பெற்றார்கள். உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லி வணிகர் எழுதும் சீட்டு), காசோலை போன்ற மாற்றுமுறை ஆவணங்களுக்கான சில பணிகளுக்கு மட்டும், அந்த ஆவணங்களுக்கான 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் அரசே நோட்டரிகளை நியமிக்க வழி இருந்தது. குடியரசான நாட்டில் பத்திரத்துக்குச் சான்றளிப்பவரை அயல்நாட்டுப் பேராயர் நியமிப்பது பொருந்தாது என்றுதான் 1952இல் நோட்டரிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1956 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது காலியான அந்த 138ஆம் எண்ணில்தான் 1988இல் காசோலை திரும்பும் குற்றத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று ‘ஒன் தர்ட்டி எய்ட் கேஸ்’ என்று வக்கீல்கள் சொல்லும் பிரிவு ஒரு காலத்தில் நோட்டரியின் வீடாக இருந்தது.

அந்த வணிகப் பின்னணி கட்டண அட்டவணையில் அப்படியே தங்கிவிட்டது. அட்டவணையின் தொடக்கத்தில் இருப்பது உண்டியலோ பிராமிசரி நோட்டோ பணமாகாமல் திரும்பும்போது அதைக் குறித்துப் பதிவு செய்வதற்கான கட்டணம். அதைத் தொகைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள்: பத்தாயிரம் ரூபாய் வரை ஒன்று, இருபத்தைந்தாயிரம் வரை ஒன்று, ஐம்பதாயிரம் வரை ஒன்று, அதற்கு மேல் எவ்வளவானாலும் ஒன்று. வங்கிக் கடன்கள் கோடிகளில் புழங்கும் காலத்தில் ஐம்பதாயிரத்தோடு படிகள் நின்றுவிடுகின்றன. கப்பல் தலைவன் புயலில் சரக்கு சேதமானதைத் துறைமுகத்தில் இறங்கியதும் பதிவு செய்துகொள்ளும் ‘புரோட்டஸ்ட்’ எழுதுவதற்கும் தனிக் கட்டணம் உண்டு. சென்னை, தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் இது இன்றும் தேவைப்படும் வேலைதான். ஆனால் இன்றைய நோட்டரியின் மேசையில் மலையாய்க் குவியும் உறுதிமொழிப் பத்திரங்கள், அந்தப் பட்டியலில் நடுவில் எங்கோ ஒரு வரியாக ஒதுங்கிக் கிடக்கின்றன. செட்டியார் உண்டியலுக்கும் கப்பல் சரக்குக்கும் எழுதிய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு ரேஷன் கார்டு பெயர்த் திருத்தத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் நோட்டரிகள் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. நோட்டரிகளை மத்திய அரசும் நியமிக்கலாம், மாநில அரசும் நியமிக்கலாம்; ஆனால் விலைப்பட்டியல் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். பட்டியலில் இல்லாத வேலைக்கு மட்டும் நியமித்த அரசு விலை வைக்கலாம். மும்பையின் மையத்தில் அறை வாடகை கொடுப்பவருக்கும் திருவாடானையில் மரத்தடியில் மேசை போட்டிருப்பவருக்கும் ஒரே வரம்பு. விலைவாசியோடு சேர்ந்து தானாக ஏறும் ஏற்பாடு எதுவும் இல்லை. அரசு நினைத்து அரசிதழில் அறிவித்தால் மாறும். நினைக்காவிட்டால் பதினைந்து ஆண்டுகளும் அப்படியே கிடக்கும்.

விலைக்குப் பூட்டு போட்டதோடு எண்ணிக்கைக்கும் போட்டிருக்கிறார்கள். பத்து ஆண்டுகள் வக்கீலாகத் தொழில் செய்தவர்தான் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழு ஆண்டுகள் போதும். ஒவ்வொரு மாநிலத்திலும் அதிகபட்சம் எத்தனை பேர் என்பது விதிகளின் அட்டவணையில் இருக்கிறது. 2025 அக்டோபரில் மத்திய அரசு இதைத் திருத்தி, தமிழ்நாட்டு அரசு நியமிக்கக்கூடிய நோட்டரிகளின் எண்ணிக்கையை 2,500இலிருந்து 3,500ஆக உயர்த்தியது. குஜராத், ராஜஸ்தான், நாகாலாந்து ஆகியவற்றுக்கும் அதே அறிவிப்பில் கூடியது. ஆட்கள் கூடினால் கிராமத்து மக்கள் பஸ் ஏறி நகரத்துக்கு வரும் செலவு குறையலாம். ஆனால் கட்டணம் குறையும் என்று எதிர்பார்க்க எனக்குத் தோன்றவில்லை. காரணம், மக்கள் நோட்டரியைத் தேடிப் போவதில்லை. டைப்பிங் சென்டரைத் தேடிப் போகிறார்கள். அதை நடத்துபவர் பத்திரத்தை யாரிடம் கொண்டுபோகிறாரோ அவரே நமது நோட்டரி.

இந்தத் தொகைக்கு அவர் செய்யவேண்டிய வேலை என்ன? கையெழுத்திடுபவர் நேரில் வந்திருக்கவேண்டும். அவர்தான் அவர் என்று நோட்டரிக்கு நிச்சயப்படவேண்டும். அவர் தன் முன்னிலையில் கையெழுத்திடவேண்டும். பிறகு அதைப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுதி, ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையைப் பதிக்கவேண்டும். ஆண்டுதோறும் தான் செய்த பணிகளின் விவரத்தை அரசுக்கு அனுப்பவேண்டும். முறையாகச் செய்தால் ஒரு பத்திரத்துக்குப் பத்து நிமிடமாவது பிடிக்கும். பத்தாண்டு அனுபவமுள்ள வக்கீலின் பத்து நிமிடத்துக்கு நூறு ரூபாய்க்கும் கீழே விலை வைத்தால் என்ன நடக்கும்? முப்பது பத்திரங்கள் கட்டாக வரும், ஆள் வராது, முத்திரை விழும். கையெழுத்திட்டவரைப் பார்க்காமலேயே சான்றளித்த நோட்டரிகளை நீதிமன்றங்கள் கண்டித்த வழக்குகள் உண்டு. கண்டனம் நியாயமானதுதான். ஆனால் வேலையைச் சரியாகச் செய்பவருக்கு நட்டமும் அவசரமாகச் செய்பவருக்கு லாபமும் தரும் விலைப்பட்டியலை அரசே எழுதி வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குறைந்த உச்சவரம்பு ஏழைகளைக் காக்கிறது என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஏழைதான் பலகையைப் பார்க்காமல், ரசீது கேட்காமல், சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? நோட்டரி என்ற பெயர் ஒன்றுதான். ஆள் வேறு, வேலை வேறு. பிரான்சில் வீடு விற்பனைப் பத்திரத்தை எழுதுவதே நோத்தேர் எனப்படும் அந்நாட்டு நோட்டரிதான். உரிமை மூலம் சரியா, கடன் பாக்கி உண்டா என்று பார்ப்பதும், தவறினால் பொறுப்பேற்பதும் அவர் கடமை. அதனால் கட்டணம் சொத்தின் மதிப்பைப் பொறுத்தது. 2021இல் வந்த அட்டவணைப்படி முதல் 6,500 யூரோவுக்கு 3.870 சதவீதம், 17,000 வரை 1.596, 60,000 வரை 1.064, அதற்கு மேல் 0.799. இரண்டு லட்சம் யூரோ வீட்டுக்குக் கணக்குப் போட்டால், மதிப்புக்கூட்டு வரி நீங்கலாக ஏறத்தாழ 1,995 யூரோ வரும். அங்கும் ஜனங்கள் ‘நோத்தேர் செலவு ஏழெட்டு சதவீதம்’ என்று முணுமுணுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அரசுக்குப் போகும் பத்திர வரி. நம் இருநூறு ரூபாய் முத்திரைத்தாள் கதைதான், யூரோவில்.

ஜெர்மனி இன்னும் கறார். 2013ஆம் ஆண்டின் கட்டணச் சட்டத்தில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் அடிப்படைத் தொகை உண்டு. ஐந்து லட்சம் யூரோவுக்கு அது 935 யூரோ. விற்பனை ஒப்பந்தம் என்றால் அதைப்போல் இரு மடங்கு. கூட்டி வாங்குவது மட்டுமல்ல, குறைத்து வாங்குவதும் தவறு. கட்டணத்தைப் பேசி முடிவு செய்தால் அந்தப் பேச்சே செல்லாது. விலையில் போட்டி இருந்தால் வேலையில் சமரசம் வரும் என்பது அவர்களுடைய எண்ணம். பெரிய சொத்தின் கட்டணம் சிறிய பத்திரத்தின் நட்டத்தை ஈடுகட்டும்; அதனால் சிறிய பத்திரத்தையும் கவனமாகச் செய்ய முடிகிறது.

அமெரிக்கா நம் பக்கம் நெருங்கி நிற்கிறது. அங்கே நோட்டரி வக்கீலாக இருக்கவேண்டியதில்லை. கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் நேரில் தரும் ஒரு சான்றுக்கு 2 டாலர்தான் உச்சம். கலிபோர்னியாவில் 2017 முதல் ஒரு கையெழுத்துக்கு 15 டாலர். 2 டாலருக்கு யார் வேலை செய்வார்கள்? வீடு தேடி வரும் நோட்டரி போக்குவரத்துக் கட்டணம் என்று தனியாக வாங்கிக்கொள்கிறார். வரம்பை மிகத் தாழ்த்தி வைத்தால் பணம் பக்கவாட்டில் வெளியேறும் என்பதற்கு இன்னொரு சான்று. வித்தியாசம், அங்கே அந்தப் பக்கவாட்டுத் தொகை முன்கூட்டியே சொல்லப்பட்டு பில்லில் ஏறுகிறது. இங்கிலாந்திலோ கட்டண அட்டவணையே இல்லை. அங்குள்ள தமிழர் ஊரில் இருக்கும் நிலத்துக்கு அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) அனுப்ப நோட்டரியிடம் போனால், அவர் சொல்வதே விலை.

பத்திரத்தையே எழுதும் நோட்டரி, முத்திரை மட்டும் வைக்கும் நோட்டரி என்ற இந்த இரண்டு மரபுகளும் தமிழர்களுக்கு அறிமுகமானவைதான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் சொத்துப் பத்திரங்களை நோத்தேர்கள் எழுதினார்கள். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி, காணி (நிலம்) கைமாற நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி (பத்திரம்) எழுதியாகவேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. யாழ்ப்பாணத்தில் ‘நொத்தாரிசு’ என்றால் காணி உறுதி எழுதும் பெரிய மனிதர். சென்னையில் ‘நோட்டரி’ என்றால் முத்திரை குத்துபவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் இங்கே நோட்டரி முத்திரையிட்ட நில ஒப்பந்தத்தை நம்பி பணம் கொடுத்தால் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

உள்ளூர்க்காரர்களும் ஏமாறுகிறார்கள். நோட்டரிச் செலவில் மிகப் பெரியது இதுதான்: தேவையில்லாத இடத்திலும் பலிக்காத இடத்திலும் முத்திரை வாங்குவது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் விற்பனை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் உரிமை மாறும். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி சிவப்பு முத்திரை வைத்துப் பச்சை மையில் கையெழுத்திட்டாலும் மனை உங்கள் பெயருக்கு வராது. திருமணமும் விவாகரத்தும் அப்படியே. நோட்டரிகள் திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதிக் கொடுக்க அதிகாரம் பெற்றவர்கள் அல்லர் என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் அவர்களுக்கே குறிப்பு அனுப்பவேண்டி வந்தது. இத்தகைய பத்திரங்களுக்குத்தான் ஆயிரங்களில் பணம் வாங்கப்படுகிறது; செல்லாத காகிதத்துக்கு உச்சவரம்பு வைக்க எந்த விதியாலும் முடியாது.

நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்குவது இன்னொரு வீண். 2014 முதல் மத்திய அரசுத் துறைகள் விண்ணப்பங்களில் சுயசான்றொப்பத்தையே ஏற்கின்றன. மூலத்தைப் பிறகு காட்டினால் போதும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம்தான் கொண்டுபோகவேண்டும் என்பதும் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 139ஆவது பிரிவு நீதிமன்றத்தையும் குற்றவியல் நடுவரையும் உயர் நீதிமன்றம் நியமித்த ஆணையர்களையும் நோட்டரியோடு ஒரே வரிசையில் வைக்கிறது. முத்திரை உண்மையிலேயே பயன் தரும் இடங்களும் உண்டு. நோட்டரி சான்றளித்த அதிகாரப் பத்திரத்தை உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. தேர்தலில் நிற்பவர் சொத்து விவரம் தரும் படிவம் 26க்கும் நோட்டரி முன் எடுத்த பிரமாணம் செல்லும்.

வெளிநாட்டுக்குப் போகும் காகிதம் தனி உலகம். அங்கே நோட்டரி முதல் படி மட்டும். அதன்பின் மாநில அளவில் ஒரு சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் ஒட்டுதாள், அதாவது ஆவணம் உண்மையானது என்று அயல்நாடுகள் ஏற்கும் சான்று. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலையில் அமலானதிலிருந்து இந்த வழி இருக்கிறது. அமைச்சகம் ஓர் ஆவணத்துக்கு நிர்ணயித்த கட்டணம் 50 ரூபாய். சேவை நிறுவனத்தின் சிறு தொகை தனி. ‘பர்த் சர்டிபிகேட் அப்போஸ்தில், நாலாயிரம்’ என்று முகவர் சொல்லும்போது, மிச்சமெல்லாம் அலைச்சலுக்கும் அவருடைய லாபத்துக்கும். கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதை அரசுக் கட்டணம் என்று நம்பிக் கொடுக்கவேண்டியதில்லை.

கூடுதலாக வாங்கிய நோட்டரி மீது என்ன செய்யலாம்? சட்டத்தை மீறிய குற்றத்துக்குத் தனியார் நேராக நீதிமன்றம் போக முடியாது. அரசு அதிகாரம் அளித்த அலுவலர்தான் புகார் செய்யவேண்டும் என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் தொழில்முறை முறைகேடு என்று விதி 13இன் கீழ், நியமித்த அரசின் தகுதியுள்ள அதிகாரியிடம் யாரும் எழுதிக் கொடுக்கலாம். மத்திய அரசு நியமனம் என்றால் சட்ட அமைச்சகத்துக்கு. மாநில நியமனம் என்றால் மாநிலத்தின் அதிகாரிக்கு. எந்த அரசின் நியமனம் என்பது வட்ட முத்திரையிலேயே இருக்கும். விசாரணையில் உறுதியானால் எச்சரிக்கை, சில காலம் இடைநிறுத்தம், சான்றிதழ் ரத்து என்று மூன்று வழிகள் உண்டு. புகாருக்கு அடித்தளம் ரசீது. அது இல்லையென்றால் யுபிஐ பரிவர்த்தனைப் பதிவைக் காட்டலாமே என்று தோன்றும். அதைத் திறந்து பார்த்தால் பணம் போனது பெரும்பாலும் டைப்பிங் சென்டரின் கணக்குக்கு. நோட்டரியின் பெயர் அதில் இருக்காது. எனவே டைப்பிங் செலவை ஒரு தொகையாகவும் நோட்டரிக் கட்டணத்தை இன்னொரு தொகையாகவும் தனித்தனியே கேட்டு, இரண்டாவதை நோட்டரியிடமே செலுத்தி, பதிவேட்டில் உங்கள் கையெழுத்து விழும் அதே நேரத்தில் ரசீதும் கேட்டு வாங்குவது நல்லது.